நல்ல புகைப்படக்காரர் ஆக எத்தகைய குணங்கள் வேண்டும்? வடசென்னை நண்பர்களின் கருத்தை வேண்டுகிறேன்

தண்டையார்பேட்டை அக்கா:

அனைவருக்கும் வணக்கம். என் தம்பி இந்த ஆண்டு பாலிடெக்னிக் படிப்பை முடித்திருக்கிறான். இனி புகைப்படத் தொழிலுக்கே போகப்போவதாக வீட்டில் சொல்லிவிட்டான். அப்பாவுக்கு அதில் அச்சம் இருக்கிறது. அம்மா அவன் பக்கம் நிற்கிறார். எந்த கேமரா வாங்கலாம், எந்த லென்ஸ் நல்லது என்று சொல்ல நூறு பேர் இருக்கிறார்கள். ஒருவருடைய சுபாவம் இந்தத் தொழிலுக்கு ஒத்துவருமா என்பதைத்தான் யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

அவன் அதிகம் பேசாதவன். உறவினர் வீட்டு விசேஷங்களில்கூட ஓரமாகத்தான் நிற்பான். ஆனால் ஒன்றைப் பார்க்க ஆரம்பித்துவிட்டால் எளிதில் விடமாட்டான். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருக்கும்போது மற்றவர்கள் பொறுமையிழந்து ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, இவன் வண்டியை விட்டு இறங்கி, காத்திருப்பவர்களின் முகங்களைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருப்பான். கூச்ச சுபாவம் இந்தத் தொழிலுக்குத் தடையாகுமா? பிறவியிலேயே அமைய வேண்டிய குணங்கள் எவை, பழகிக்கொள்ளக்கூடியவை எவை? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் அப்பாவிடம் காட்டுவேன்.

கல்மண்டபம் ஸ்டுடியோ:

சகோதரிக்கு வணக்கம். நான் ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் வட்டாரத்தில் நீண்ட காலமாகத் திருமணங்களுக்குப் படம் எடுத்து வருகிறேன். என் உதவியாளர்களாக வந்த பல பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் தொழிலில் நிலைத்தவர்களையும் விலகிப் போனவர்களையும் நினைத்துப் பார்த்தால், கூச்சத்தினால் விலகியவர் என்று ஒருவரும் இல்லை. விலகியவர்களில் பெரும்பாலோர் சட்டென்று எரிச்சலடைபவர்கள். மண்டபத்தில் ஒரே நேரத்தில் நான்கு பேர் நான்கு விதமாகக் கட்டளையிடுவார்கள். மணமகனின் மாமா இந்தப் பக்கம் நில் என்பார், வீடியோ எடுப்பவர் விலகச் சொல்வார். அந்த நேரத்தில் முகம் கடுகடுக்காமல் வேலையைப் பார்க்கத் தெரிந்தவரைத்தான் அடுத்த வீட்டுத் திருமணத்துக்கும் கூப்பிடுவார்கள்.

நேரம் தவறாமை இரண்டாவது. முகூர்த்தம் நாலரை மணிக்கு என்றால் மூன்றரைக்கெல்லாம் மண்டபத்தில் விளக்குகளைச் சரிபார்த்து முடித்திருக்க வேண்டும். மூன்றாவது, சடங்கின் ஒழுங்கை அறிந்திருத்தல். தாலித் தட்டு பெரியவர்களின் ஆசிக்காகக் கூட்டத்துக்குள் செல்லும்போதே நமக்குரிய இடத்தைப் பிடித்துவிட வேண்டும். கெட்டிமேளம் ஒலித்த பிறகு நகர நினைத்தால், அட்சதை தூவ எழும் கைகள்தான் படம் முழுவதும் இருக்கும். நம் பகுதியில் இந்துத் திருமணங்கள் மட்டும் நடப்பதில்லை. தேவாலயத்தில் பலிபீடத்துக்கு எவ்வளவு அருகில் செல்லலாம், நிக்காஹ் நடக்கும் வீட்டில் பெண்கள் பகுதிக்குள் படம் எடுக்க யாரை அனுப்பலாம் என்பவற்றை முதல் நாளே வீட்டாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதும் தொழிலின் பகுதியே.

பொறுப்புணர்வைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு திருமணம் இன்னொரு முறை நடக்காது. எடுத்த படங்களை இரண்டு தனித்தனி ஹார்டு டிஸ்க்குகளில் பிரதியெடுத்துச் சரிபார்க்கும் வரை மெமரி கார்டை அழிக்காத பிள்ளையை நான் நம்பி வேலைக்கு அனுப்புவேன். கடலோர ஈரக்காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்காமல் சிலிக்கா ஜெல் போட்டுப் பாதுகாக்கிறானா, வீட்டுக்கு வந்தவுடன் உப்புப் படிவைத் துடைக்கிறானா என்பதைப் பார்த்தாலே மீதி குணங்களை ஓரளவு ஊகித்துவிடலாம்.

காசிமேடு வாசி:

ஸ்டுடியோ நண்பர் சடங்கின் ஒழுங்கை அறிந்திருத்தல் என்று சொன்னதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் முதலில் வைப்பேன். திருமணத்துக்கு மட்டுமல்லாமல் எல்லா வகைப் புகைப்படத்துக்கும் அது பொருந்தும். படம் எடுக்கப்படும் வேலையையும் வாழ்க்கையையும் கற்றுக்கொள்ளும் விருப்பம் ஒருவருக்கு இருக்கிறதா என்பதே என் முதல் கேள்வியாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு வந்து பாருங்கள். நீண்ட லென்ஸ்களுடன் இளைஞர்கள் கூட்டமாக வருகிறார்கள். பலர் மிகுந்த ஆர்வத்தோடுதான் வருகிறார்கள். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் எடுத்துச் செல்லும் படங்களை அருகருகே வைத்தால், எது யாருடையது என்று அடையாளம் காண முடிவதில்லை. எழும் சூரியனுக்கு முன் இருளுருவாகத் தெரியும் ஒரு படகு, குவித்து வைத்த மீன், சுருக்கம் விழுந்த ஒரு முதியவரின் முகம், பறக்கும் காகங்கள். சூரியன் ஜூன் மாதத்தில் 5.45 மணியளவிலும் ஜனவரியில் 6.30 மணிக்கு மேலும் எழுகிறது. ஆனால் மீன் இறக்குதலும் ஏலமும் இருட்டிலேயே தொடங்கிவிடுகின்றன. சூரியனுக்காகக் காத்திருப்பவர், விசைப்படகிலிருந்து பெட்டிகள் கைமாறி இறங்குவதையும், ஏலம் விடுபவரின் குரல் ஏறும்போது வாங்க வந்த பெண்கள் தங்களுக்குள் கண்ணாலேயே பேசிக்கொள்வதையும், விலை படிந்த நொடியில் ஒரு முகம் தளர்வதையும் இன்னொரு முகம் இறுகுவதையும் தவறவிடுகிறார். எந்தப் பெண் தலைச்சுமையாகத் தெருத்தெருவாக விற்பவர், எவர் கடை வைத்திருப்பவர், யார் கடன் சொல்லி வாங்குகிறார் என்பது தெரிந்தவருக்கு, கேமராவை எப்போது எங்கே திருப்ப வேண்டும் என்று எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பொறுமை வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஓரிடத்தில் அசையாமல் நிற்பதைத்தான் பலர் பொறுமை என்று எண்ணுகிறார்கள். என் கருத்தில், பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத நாளிலும் திரும்ப வருவதுதான் இந்தத் தொழிலுக்கு வேண்டிய பொறுமை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் துறைமுகத்தில் விசைப்படகு மீன் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் கேமராக்களும் குறைந்துவிடும். ஆனால் அப்போதுதான் படகுகளுக்கு மராமத்து நடக்கிறது, பெயின்ட் அடிக்கிறார்கள், இன்ஜினைப் பிரித்துப் போட்டு வேலை பார்க்கிறார்கள், நிழல் விழும் இடமெல்லாம் அமர்ந்து வலை சீர்செய்கிறார்கள். பேசுவதற்கு அவர்களுக்கு நேரம் இருக்கும் காலமும் அதுதான். அந்த வெயிலில் வந்து உட்காரும் ஒருவரை, தடை முடிந்து படகுகள் கடலுக்குக் கிளம்பும் நாளில் யாரும் அந்நியராகப் பார்ப்பதில்லை.

ஒரு நொடியைப் பிடிப்பதற்குப் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்ட்டியே-ப்ரெசோனைத்தான் எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். 1952 இல் வெளிவந்த அவருடைய புத்தகத்துக்குப் பிறகு, அந்த ஒரு நொடி என்பதே புகைப்படக் கலையின் இலக்கணம் போல ஆகிவிட்டது. ஆனால் அவர் இந்தியாவுக்கு ஒரு நொடிக்காக வந்து போனவர் அல்லர். 1948 ஜனவரி 30 அன்று காந்தியைச் சந்தித்துவிட்டுப் புறப்பட்டிருந்தவர், கொலைச் செய்தி கேட்டுத் திரும்பி வந்து, தொடர்ந்து நிகழ்ந்த இறுதிச் சடங்குகளையும் படமாக்கினார். 1950 ஏப்ரலில் ரமணரின் கடைசி நாட்களில் அவர் திருவண்ணாமலையில் இருந்தார். நாம் வியக்கும் நொடிகளுக்குப் பின்னால் அவ்வளவு நீண்ட தங்கல்கள் இருக்கின்றன.

நம் ஊரோடு தொடர்புடைய இன்னொரு உதாரணமும் உண்டு. 1856 இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்ட லின்னேயஸ் ட்ரைப், 1858 இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாகப் படமெடுத்து, 21 பிரதிகளை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே தொடராக ஆக்கினார். காகித நெகட்டிவில், கனமான பெட்டிக் கேமராவுடன் செய்த வேலை அது. ஒவ்வொரு பகுதியும் அடுத்ததோடு பொருந்த வேண்டும். ஒன்று பிசகினாலும் எழுத்து வரி அறுந்துவிடும். அந்தப் படத்தில் உணர்ச்சி இல்லை, முகம் இல்லை, சூரிய உதயமும் இல்லை. தான் எடுப்பது பிறருக்குப் பயன்பட வேண்டும் என்ற கவனம் ஒன்றே அதை நிறுத்தி வைத்திருக்கிறது. உங்கள் தம்பி கேட் மூடியிருக்கும்போது முகங்களைப் பார்க்கிறான் என்று படித்தபோது மகிழ்ந்தேன். அதே கேட்டுக்கு அவன் மறுபடியும் போகிறானா என்று அறிய விரும்புகிறேன்.

வெளிச்சம்:

மேலே எழுதிய இருவரோடும் நான் ஓரளவு மாறுபடுகிறேன். நேரம் தவறாமை, பொறுப்பு, மக்களை அறிதல் ஆகியவை நல்ல செய்தியாளருக்கும் நல்ல சமூக ஆய்வாளருக்கும்கூட வேண்டும். ஏலத்தைப் பற்றி எல்லாம் தெரிந்த ஒருவர் மிக மோசமான படத்தை எடுக்கவும் கூடும். புகைப்படம் என்பது வெளிச்சத்தாலும் வடிவத்தாலும் ஆனது. ஆகையால் வெளிச்சத்தைப் பார்க்கும் பழக்கம்தான் புகைப்படக்காரரை மற்றவர்களிடமிருந்து பிரிக்கிறது என்று நான் கருதுகிறேன். கார்ட்டியே-ப்ரெசோன் கேமராவைக் கையில் எடுப்பதற்கு முன் ஆந்த்ரே லோத் என்ற ஓவியரிடம் ஓவியம் பயின்றவர் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கண் பிறவியில் வருவதில்லை, பழகினால் வரும். சௌகார்பேட்டையில் மிண்ட் தெருவை ஒட்டிய சந்துகளில் ஒரு நாள் காலை முதல் மாலை வரை கேமரா இல்லாமல் நடந்து பார்க்கச் சொல்லுங்கள். உயரமான வீடுகளுக்கு இடையே வெயில் தரையைத் தொடுவது நண்பகலை ஒட்டிய சிறிது நேரம் மட்டுமே. மற்ற நேரமெல்லாம் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பும் மென்மையான வெளிச்சம்தான் கடைக்காரரின் முகத்தில் விழுகிறது. நண்பகல் வெயில் படத்துக்கு ஆகாது என்ற பாடத்தை அந்தச் சந்து பொய்யாக்கிவிடும். இருட்டியபின் ஒவ்வொரு கடையின் விளக்கும் தன் வண்ணத்தைத் தெருவில் சிந்துகிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல எல்.இ.டி. விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/50 அல்லது 1/100 நொடியாக வைத்தால் படத்தில் பட்டைகள் விழாது. இத்தகைய விவரங்களைக் காரணம் கேட்டுத் தேடிப் போகும் ஆர்வம் ஒருவரிடம் இருந்தால், அவர் தானாகவே வளர்வார்.

தனிமையைத் தாங்கும் குணமும் வேண்டும். கூட்டமாகப் படமெடுக்கச் செல்வதில் நட்பு கிடைக்கிறது. ஆனால் பக்கத்தில் ஒருவர் குனிந்தால் நாமும் குனிகிறோம். அதிகம் பேசாத பிள்ளைக்குத் தனிமையைத் தாங்குவது இயல்பாகவே அமைந்திருக்கும். ஓராண்டுக்கு ஒரே லென்ஸ், அதுவும் மனிதக் கண்ணின் பார்வைக்கு நெருக்கமானது எனப்படும் 50 மி.மீ. போன்ற ஒன்று, அவனுக்குப் போதும்.

மீன்கடை மகள்:

இந்த இழையை முழுவதும் படித்தேன். என் அம்மா காசிமேட்டில் மீன் வாங்கி விற்பவர். படம் எடுக்கப்படுபவர்களின் பக்கத்திலிருந்து எழுத இங்கே ஒருவரேனும் இருக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

ஒவ்வொரு ஞாயிறும் அம்மாவின் முகத்துக்கு அருகில் லென்ஸை நீட்டுபவர்களில் பெரும்பாலோர் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. எடுத்ததைத் திரையில் பார்த்துக்கொண்டே அடுத்தவரிடம் போய்விடுகிறார்கள். அம்மா குனிந்து மீன் பொறுக்கும்போதும், சேலை விலகியிருக்கும்போதும், யாருடனோ விலைத் தகராறில் இருக்கும்போதும் இதே நிலைதான். ஒரு முறை அவருடைய படம் ஓர் இணையப் போட்டியில் "வறுமையின் முகம்" என்ற தலைப்போடு வந்திருந்ததை என் தோழி காட்டினாள். அம்மா விடியும் முன் பல ஆயிரம் ரூபாய்க்குச் சரக்கு எடுத்து, அன்றைக்கே விற்று, வட்டியும் கட்டி, எங்களைப் படிக்க வைத்தவர். அவருடைய வேலை கடினமானது. அதை மறைக்க வேண்டாம். ஆனால் அவரிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் அவருக்கு வறுமை என்று பெயர் சூட்டியவருக்கு வெளிச்சத்தைப் பார்க்கும் கண் நன்றாகவே இருந்தது. படமும் அழகாகத்தான் இருந்தது. அதனால்தான் எனக்கு அதிகம் வலித்தது.

உலகம் அறிந்த ஒரு படத்தைச் சொல்கிறேன். 1936 இல் கலிஃபோர்னியாவில் டொரோதியா லேங் எடுத்த, குழந்தைகளோடு அமர்ந்திருக்கும் தாயின் படம் அமெரிக்கப் பொருளாதாரப் பெருமந்தத்தின் அடையாளமாகவே ஆனது. லேங் அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது 1978 இல்தான் வெளியே தெரிந்தது. அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்றும், அதை எடுக்காமலே இருந்திருக்கலாம் என்றும் அவர் வருந்தினார். லேங் தீய எண்ணம் கொண்டவர் அல்லர். ஏழைகளுக்கு உதவி கிடைக்க வேண்டும் என்றே உழைத்தவர். அப்படிப்பட்டவரிடமே பெயர் கேட்காத குறை இப்படி நீடித்தது என்றால், நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

மாறாக, எம். பழனி குமாரின் படங்களைப் பாருங்கள். மதுரையில் மீன் விற்கும் தன் தாயையே அவர் படமெடுத்திருக்கிறார். எண்ணூரில் கொசஸ்தலையாற்றில் இறங்கி, கூடையைப் பல்லால் கடித்துப் பிடித்தபடி கைகளாலேயே இறால் பிடிக்கும் இருளர் பெண்களைப் பற்றி அவர் 'பாரி' இணைய இதழில் எழுதியும் படமெடுத்தும் இருக்கிறார். அந்தப் பெண்களின் பெயர், குடும்பம், உடல் வலி, வருமானம் எல்லாம் அங்கே இருக்கின்றன. மலக்குழியில் இறந்தவர்களின் குடும்பங்களோடு அவர் தொடர்ந்து தொடர்பில் இருப்பவர். அவர் படங்களில் இருப்பவர்கள் நம்மை நேராகப் பார்க்கிறார்கள். அதற்கு எந்தக் குணம் வேண்டும் என்று கேட்டால், எதிரில் இருப்பவரைத் தனக்குச் சமமாக எண்ணும் குணம் என்பேன். அக்கா, உங்கள் தம்பிக்கு அது இருக்கிறதா என்று பாருங்கள். கூச்சம் இருப்பது நல்லதுதான். பிறருடைய முகத்துக்கு அருகில் போவதற்குச் சற்றேனும் தயங்குபவரைத்தான் என் அம்மா உட்காரச் சொல்லித் தேநீர் வாங்கிக் கொடுப்பார்.

எண்ணூர் நிருபர்:

சகோதரி எழுதியதை நான் மதிக்கிறேன். ஆனால் அனுமதி கேட்க முடியாத இடங்களும் உண்டு. அங்கே தயங்கினால் உண்மை பதிவாகாமல் போய்விடும். 1984 இல் போபாலில் நச்சுவாயுவால் இறந்த, பெயர் தெரியாத குழந்தை மண்ணுக்குள் மூடப்படும் காட்சியை ரகு ராயும் பாப்லோ பார்த்தலோமியூவும் படமெடுத்தார்கள். அங்கே யாரிடம் அனுமதி கேட்பது? அந்தப் படம் இல்லாமல் போபாலை இன்று உலகம் இவ்வளவு நினைவில் வைத்திருக்குமா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது, மீனவர்கள் வாளிகளாலும் வெறுங்கைகளாலும் எண்ணெயை அள்ளினார்கள். கறுத்துப்போன படகுகளையும் வலைகளையும் அலையாத்தி மரங்களையும் அன்றே படமெடுத்திருக்காவிட்டால், பாதிப்பு அவ்வளவு இல்லை என்று சொல்வது எளிதாகியிருக்கும். துணிச்சலும் விரைவும் இந்தத் தொழிலின் குணங்களே.

அதே சமயம், நாகரிகத்தை விட்டுக்கொடுக்கத் துணிச்சலைக் காரணம் காட்டக்கூடாது என்பதை ஏற்கிறேன். இந்தியாவின் முதல் பெண் செய்திப்படக்காரரான ஹோமாய் வியாரவாலா, விடுதலைக் காலத் தலைவர்களை மிக நெருக்கத்தில் படமெடுத்தவர். புதிதாக வந்த படக்காரர்களின் முண்டியடிக்கும் நடத்தையைச் சகிக்க முடியாமல் 1970 இல் கேமராவைக் கீழே வைத்தவர், 2012 இல் மறையும் வரை அந்தத் தொழிலுக்குத் திரும்பவில்லை.

மீன்கடை மகள்:

ஐயா, எண்ணூர் எண்ணெய்ப் படங்களை நான் மறுக்கவில்லை. என் மாமாவின் வலையும் அதில்தான் கெட்டது. படமெடுக்க வந்தவர்களை அவரே படகில் ஏற்றி உள்ளே அழைத்துச் சென்றார். அவசரத்தில் அனுமதி கேட்க நேரமில்லாமல் போகலாம். அவசரம் முடிந்த பிறகு பெயரைக் கேட்க நேரம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மீன் சந்தையில் எந்த அவசரமும் இல்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது.

தண்டையார்பேட்டை அக்கா:

எல்லோருக்கும் நன்றி. தம்பியும் அருகில் அமர்ந்து படித்தான். காசிமேடு ஐயா கேட்ட கேள்விக்கு அவன் பதில்: அதே கேட்டுக்கு அவன் பலமுறை போயிருக்கிறான், ஆனால் ஒருவரிடமும் பேசியதில்லை. பேசினால் முகம் மாறிவிடுகிறது, இயல்பு கெட்டுவிடுகிறது என்கிறான். அதற்கு என்ன செய்வது என்று கேட்கிறான். இன்னொன்று, அவன் எடுத்ததில் எதையும் அழிப்பதில்லை. கைப்பேசி நிரம்பி வழிகிறது. எது நல்ல படம் என்று கேட்டால் எல்லாவற்றையும் காட்டுகிறான். இதுவும் குணக்குறையா?

காசிமேடு வாசி:

முதல் கேள்விக்கு முதலில். பேசியவுடன் முகம் மாறுவது உண்மை. ஆனால் அந்த மாற்றம் நிலைப்பதில்லை. இரண்டு நிமிடம் கழித்து அவர் தன் வேலைக்குத் திரும்பிவிடுவார், அப்போது எடுக்கலாம். அடுத்த வாரம் போனால் அந்த இரண்டு நிமிடமும் தேவைப்படாது. பேச்சு வராத பிள்ளை நீளமாகப் பேச வேண்டியதில்லை. கேமராவைச் சற்று உயர்த்திக் காட்டித் தலையசைத்துக் கேட்டால் போதும். வேண்டாம் என்று கை காட்டினால் புன்னகையோடு விலகிவிட வேண்டும். அந்த மறுப்பை மனத்தாங்கல் இல்லாமல் ஏற்கப் பழகுவதுதான் கூச்சமுள்ளவருக்குக் கடினம். அதை ஓரிரு மாதங்களில் பழகிவிடலாம்.

இரண்டாவது கேள்வி இந்த இழையில் யாரும் தொடாத இடத்துக்கு வருகிறது. எடுப்பதற்கு ஒரு குணம் வேண்டும். எடுத்ததில் தேர்ந்தெடுக்க வேறொரு குணம் வேண்டும். பலருக்கு முன்னது இருக்கிறது. பின்னது மிகச் சிலருக்கே வாய்க்கிறது. ஃபிலிம் காலத்தில் ஒரு சுருளில் 36 படங்கள்தான். பணம் செலவாகும் என்பதால் எடுக்கும் முன்னரே பாதித் தேர்வு நடந்துவிடும். கழுவி வந்த பிறகு எல்லாவற்றையும் ஒரே தாளில் அச்சிட்டு, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, ஒன்றிரண்டைச் சிவப்புப் பென்சிலால் குறிப்பார்கள். இப்போது அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே அந்தக் கண்டிப்பை நாமே நமக்கு விதித்துக்கொள்ள வேண்டும்.

எடுத்த அன்றே தேர்ந்தெடுக்க வேண்டாம் என்று அவனிடம் சொல்லுங்கள். அன்றைக்கு அவன் பட்ட சிரமம், அங்கே கேட்ட சத்தம், அந்த மனிதர் மீது தோன்றிய அன்பு எல்லாம் அவன் மனத்தில் இருக்கும். படத்தில் அவை இருக்கின்றனவா என்று அவனால் பிரித்துப் பார்க்க முடியாது. சில வாரங்கள் கழித்துப் பார்த்தால் முடியும். நல்ல தோட்டக்காரர் நாற்றைப் பிடுங்கி இடைவெளி விடுவதைப் போல, மீதியை நீக்கினால்தான் நிற்பவை வளரும். நீக்குவது என்றால் அழிப்பது என்று பொருள் கொள்ள வேண்டாம். வேறொரு கோப்புறையில் போட்டு வைக்கட்டும். ஐந்து ஆண்டுகள் கழித்து அந்த ரயில்வே கேட்டே இல்லாமல் போகலாம். அப்போது இன்று சாதாரணமாகத் தெரியும் படமும் ஆவணமாகிவிடும்.

தேர்வுக்கு நெருக்கமான இன்னொரு குணம் நேர்மை. மீன்கடை மகள் சொன்ன "வறுமையின் முகம்" என்ற தலைப்பு, படத்தில் இல்லாத ஒன்றைச் சேர்த்தது. கணினியில் ஒரு மின்கம்பத்தை நீக்குவதும், வானத்தை மாற்றி ஒட்டுவதும், செயற்கை நுண்ணறிவைக் கொண்டு இல்லாத காகத்தைப் பறக்கவிடுவதும் இப்போது மிக எளிது. விளம்பரத்துக்கு எடுப்பவர் அப்படிச் செய்யலாம். அங்கே யாரும் ஏமாறுவதில்லை. இது காசிமேடு, இன்ன நாள் என்று எழுதிக் காட்டுபவர் செய்யக்கூடாது. யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை என்று தெரிந்தபிறகும் செய்யாமல் இருப்பவரின் படத்தைத்தான் பின்னாளில் ஒருவர் ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியும். எண்ணூர் நிருபர் சொன்ன எண்ணெய்ப் படங்களுக்கு மதிப்பு கிடைத்ததும் அதனால்தான்.

வெளிச்சம் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. வேலையை அறிந்தவர் மோசமான படம் எடுக்கக்கூடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மிண்ட் தெருச் சந்தில் கேமரா இல்லாமல் நடக்கச் சொன்ன உங்கள் பயிற்சியை நானும் பிள்ளைகளுக்குச் சொல்வேன். ஆனால் அந்தச் சந்தில் வெயில் எப்போது இறங்கும் என்பதை நீங்கள் அறிந்ததும் திரும்பத் திரும்பப் போனதால்தானே?

வெளிச்சம்:

ஆம், அப்படித்தான் அறிந்தேன். அதை மறுக்க மாட்டேன். வெளிச்சத்தை அறிவதும் மனிதரை அறிவதும் ஒரே பயிற்சியின் இரு பகுதிகள் என்று நீங்கள் சொன்னால் ஏற்பேன். முதலாவதை இரண்டாவதற்குப் பணியாளாக்கினால் ஏற்க மாட்டேன்.

தண்டையார்பேட்டை அக்கா:

அப்பாவிடம் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். கேமராவை உடனே வாங்குவதில்லை என்றும், ஓராண்டு கைப்பேசியிலேயே எடுக்கட்டும் என்றும், அதற்குள் ஸ்டுடியோ அண்ணாவிடம் உதவியாளராகச் சேர முடியுமானால் சேரட்டும் என்றும் முடிவாகியிருக்கிறது. தம்பிக்கும் இதில் சம்மதம். ரயில்வே கேட்டில் தினமும் கொய்யா விற்கும் பாட்டியின் படத்தை முதலில் அச்செடுத்து அவரிடமே கொடுக்கப் போவதாகச் சொல்கிறான். மீன்கடை மகளின் அம்மாவையும் ஒரு நாள் முறையாகக் கேட்டுப் படமெடுக்க விரும்புகிறான்.

மீன்கடை மகள்:

தாராளமாக வரட்டும். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், வார நாளில் வரச் சொல்லுங்கள். அம்மாவுக்கு வியாபாரம் முடிய எட்டு மணி ஆகும். அதுவரை அவன் விருப்பம் போல் பார்த்துக்கொண்டிருக்கலாம். தனக்குப் பிடிக்காத படத்தை அம்மா முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார், அதற்கு மட்டும் தயாராக வரட்டும். எடுத்ததில் ஒன்றை அச்செடுத்துக் கொடுத்தால் அவர் மகிழ்வார். இதுவரை அத்தனை பேர் எடுத்தும், எங்கள் வீட்டில் அவர் வேலை செய்யும் படம் ஒன்றுகூட இல்லை.

கல்மண்டபம் ஸ்டுடியோ:

தம்பியைத் திங்கட்கிழமை மாலை கடைக்கு அனுப்புங்கள் சகோதரி, பேசிப் பார்க்கிறேன். வரும் மாதம் முகூர்த்த நாட்கள் அதிகம், ஆள் தேவைப்படுகிறது. அச்சுக்குக் கொடுக்கும் முன் கோப்பை முழு அளவிலேயே கொண்டுவரச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தரம் குறைந்துவிடும். கொய்யா விற்கும் பாட்டிக்கும் மீன்கடை அம்மாவுக்கும் கொடுக்கும் படங்களைப் பளபளப்பில்லாத மேட் தாளில் போட்டு லேமினேஷன் செய்து தருகிறேன். இருவருமே ஈரக்கையோடுதான் வாங்குவார்கள்.